பல் கட்டிய பிறகு வரும் வலிகள்

பல் போனால் சொல் போச்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல் கட்டிக்கொண்ட பிறகும் நம் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்காது என்பதை இந்த ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டேன். "பிரிட்ஜ் வைச்ச பக்கம் வலிக்குதுங்க" என்றால், "புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும், நாலு நாள் போனா பழகிடும்" என்கிறார் என் வீட்டுக்காரர். "12 ஆயிரம் கொடுத்துக் கட்டின பல்லு வலிக்குதுன்னு வெளியில சொல்லாதீங்க அண்ணி, சிரிப்பாங்க" என்கிறாள் நாத்தனார். பக்கத்து வீட்டு அக்கா, கேட்பதற்கு முன்பே கிராம்பு டப்பாவோடு வந்துவிடுகிறார்.

இரண்டு இதழ்களுக்கு முன் என் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்த கதையை இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுக் கடிதம் போட்ட சகோதரிகளில் பாதிப்பேர் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். "பல்லை எடுத்தாச்சு, பிரிட்ஜும் வைச்சாச்சு, இப்போ வலிக்குதே, இது தானா சரியாப் போகுமா, திரும்பப் போய் டாக்டரைப் பார்க்கணுமா?" தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. நான் பட்டதையும், பல் டாக்டரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பிரிட்ஜ் வைத்த பிறகு வருகிற வலி ஒரே வலி இல்லை. தானாகவே போய்விடுகிற வலி உண்டு. டாக்டர் ஐந்து நிமிஷம் ராவிவிட்டால் போய்விடுகிற வலி உண்டு. விட்டுவைத்தால் பல்லையே கொண்டுபோகிற வலியும் உண்டு. "வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் இது எந்த வலி என்று அவருக்கு எப்படித் தெரியும்? எந்தப் பல்லில், எதைத் தின்றால், எவ்வளவு நேரம், படுத்தாலா உட்கார்ந்தாலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை டிகிரி, எத்தனை தடவை வாந்தி என்று ஒன்றுவிடாமல் சொல்கிறோம். நம் வலி என்றால் மட்டும் "என்னமோ வலிக்குது" என்று முடித்துவிடுகிறோம்.

பிரிட்ஜ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பல் போன இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற இரண்டு பல்லையும் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கி, மூன்று பல் சேர்ந்தாற்போல் ஒரே துண்டாகச் செய்து, அந்த இரண்டு பல்லின் மேலும் தொப்பி மாதிரி மாட்டி, சிமெண்டு வைத்து ஒட்டிவிடுவார்கள். "ஒரு பல்லுதானே போச்சு, மூணு பல்லுக்கு ஏன் காசு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டாரே, அதற்கு இதுதான் பதில். துணி காயப்போடும் கொடியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக் கம்பமும் உறுதியாக நின்றால்தான் நடுவில் கொடி நிற்கும். நடுவில் இருக்கிற புதுப் பல்லுக்கு வேரும் இல்லை, நரம்பும் இல்லை, அதற்கு வலிக்கவே வலிக்காது! வலி வருவதெல்லாம் அந்த இரண்டு தாங்கு பல்லில், இல்லை ஈறில், இல்லை எதிர்வரிசையில் மோதுகிற பல்லில். "புதுப் பல்லு வலிக்குது" என்று சொல்கிற சகோதரிகள், விரல் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பாருங்கள். வலிப்பது பழைய பல்லாகத்தான் இருக்கும்.

இப்படிப் பல் கட்டுவது புது வழக்கம் என்று நினைத்திருந்தேன். இத்தாலி தேசத்தில் எட்ருஸ்கன் என்ற பழைய இனத்தார் 2,500 வருஷத்துக்கு முன்பே தங்கத் தகட்டு வளையத்தால் இரண்டு பக்கத்துப் பல்லோடு பொய்ப்பல்லைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று என் மகள் படித்துச் சொன்னாள். அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பெண்களாம். தங்கம் என்றால் விடுவோமா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் ஊசி போட்டு மரத்த உதடும் கன்னமும் தெளிய இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை காபி, ரசம் எதையும் சூடாக வாயில் வைக்காதீர்கள். சுடுவதும் தெரியாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வதும் தெரியாது. ரொம்ப நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததால் காதுக்கு முன்னால் தாடைப்பூட்டு இரண்டு நாள் வலிக்கலாம். ஈறு ஓரத்தில் எரிச்சல் இருக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பளித்தால் இது நாலைந்து நாளில் அடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீர், மோர் பட்டால் சுரீர் என்று கூசி, விழுங்கின உடனே நின்றுவிடுகிறதா? அதற்கும் பயப்பட வேண்டாம். பல்லின் மேல்தோலை ராவி எடுத்ததால் உள்ளே இருக்கும் நரம்பு கொஞ்சம் கோபமாக இருக்கிறது. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். நாளுக்கு நாள் குறைகிறதா என்பதை மட்டும் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் நல்லது. அப்படியே நின்றாலோ ஏறினாலோ அது வேறு கதை.

அடுத்தது கடித்தால் மட்டும் வரும் வலி. சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை, சாதத்தில் ஒரு சின்னக் கல் அகப்பட்டாற்போல, வாயை மூடினால் அந்தப் பக்கம் மட்டும் முதலில் இடிக்கும். இதை நம்மவர்கள்தான் அதிகமாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். "பழகிடும்" என்ற வார்த்தையும் இதற்குத்தான் அதிகமாகக் கிடைக்கும். பழகாது அம்மா! பல்லுக்கிடையில் ஒரு தலைமுடி அகப்பட்டால்கூடக் கண்டுபிடித்துவிடும் உணர்ச்சி பல்லுக்கு உண்டு. புதுப் பல் இம்மியளவு உயரமாக இருந்தாலும், ஒவ்வொரு வாய்க்கும் அந்த ஒரு பல்லே முழு அடியையும் வாங்கும். சில நாளில் பல்லைப் பிடித்திருக்கிற வேரடிச் சதை நொந்துபோகும், எதிர்ப்பல்லும் வலிக்க ஆரம்பிக்கும், காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு வலிக்கும். இதில் இன்னொரு சங்கதி. ஊசி மரப்போடு நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது "கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கா?" என்று கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். வீட்டுக்கு வந்து, மரப்பு தெளிந்து, ஒரு இட்லியை மென்று பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

எனக்கு அதுதான் நடந்தது. நாலாம் நாள் போனேன். வரவேற்பு மேஜையில் இருந்த பெண், "எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும், பழகிடும், பதினைஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்றாள். "பழகிக்கிறேன், அதுக்கு முன்னாடி டாக்டர் ஒரு தடவை கடிச்சுக் காட்டச் சொல்லட்டும்" என்று நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். கார்பன் பேப்பர் மாதிரி நீலக் காகிதத்தைப் பல்லுக்கிடையில் வைத்து, நேராகக் கடி, பக்கவாட்டில் அரை என்றார் டாக்டர். உயரமாக இருந்த இடத்தில் பட்டை பட்டையாக நீலம் பதிந்தது. அதைக் கொஞ்சம் ராவி, மறுபடி காகிதம், மறுபடி ராவல். மொத்தமே ஐந்து நிமிஷம். ஊசி இல்லை, காசு இல்லை. அன்றைக்கு இரவே வலது பக்கம் சப்பாத்தி மென்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தபடியும் ஒரு தடவை கடித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், படுத்துக் கடிப்பதும் உட்கார்ந்து கடிப்பதும் ஒன்றல்ல. நாம் படுத்துக்கொண்டா சாப்பிடுகிறோம்?

இனி சொல்லப்போவதுதான் முக்கியமான வலி.

ராவல் முடிந்து நாலைந்து நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு காலைக் காபியின் முதல் வாயிலேயே கடைசிப் பல்லில் பிடித்துக்கொண்டது. குளிர்ச்சிக்குக் கூசினால் உடனே போய்விடும் என்றேனே, இது அப்படிப் போகவில்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இட்லிக்கு மாவு ஊற்றி, அது வேகிற வரைக்கும் வலி இருந்தது. அன்றைக்கே தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். அந்தத் தாள்கள் இன்னும் மளிகைக் கணக்கு நோட்டுக்குள்தான் இருக்கின்றன. பார்த்தே எழுதுகிறேன்.

செவ்வாய். காலைக் காபி. வலது கீழ்க் கடைசிப் பல். 20 நிமிஷம்.

புதன். மோர். கூச்சம், உடனே போய்விட்டது. மத்தியானம் சூடான ரசம். அரை மணி.

வியாழன். பகலில் ஒன்றும் இல்லை. இரவு 2 மணிக்கு எழுப்பிவிட்டது. எதுவும் தின்னவில்லை. தானாக விண்விண்ணென்று. படுத்தால் அதிகம், எழுந்து உட்கார்ந்தால் குறைவு.

வெள்ளி. இரவு மறுபடி. காது, பொட்டு வரை இழுக்கிறது. பச்சைத் தண்ணீர் வாயில் வைத்திருந்தால் ஆறுதல்.

சனிக்கிழமை காலை டாக்டர் முன்னால் அந்த நாலு தாளையும் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இது பல்லோட நரம்பும்மா, பழகிற வலி இல்லை" என்றார். கண்ணாடிக் கம்பியின் காம்பால் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாதாம், வேரடி எலும்பு கரைய ஆரம்பித்த பிறகுதான் படத்தில் நிழல் விழுமாம். குளிர்ச்சி வைத்துப் பார்க்கிற சோதனையும், தொப்பி மாட்டின பல்லில் அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லாதாம். "நீங்க எழுதிக்கிட்டு வந்ததைத்தான் நான் நம்பணும்" என்றார் அவர். பெரிய மிஷின் சொல்லாததைக் காலண்டர் தாள் சொல்லிவிட்டது பாருங்கள்!

ஏன் இப்படி ஆகிறது? அந்தக் கடைசிப் பல்லில் ஏற்கெனவே சொத்தைக்கு ஆழமாக அடைத்திருந்தது. அதன் மேல் சுற்றிலும் ராவியதில் நரம்புக்கு அது தாங்கவில்லை. "அப்படியானால் முதலிலேயே நரம்பை எடுத்துவிட்டுக் கட்டியிருக்கலாமே?" என்று நானும் கேட்டேன். நன்றாக இருக்கிற நரம்பை வீணாக எடுக்கக் கூடாதாம். உயிருள்ள பல்தான் உறுதி, பெரும்பாலான பல் இந்த ராவலைத் தாங்கிக்கொள்ளும், சிலது தாங்காது, எது தாங்காது என்று முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அடைப்பு ஆழமாக இருக்கும் பல்லைத் தாங்கு பல்லாக வைக்கும்போதே, "பின்னால் வேர் சிகிச்சை தேவைப்படலாம், அதற்குத் தனியாகச் செலவாகும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பது டாக்டர்களுக்கும் நல்லது. சொல்லாவிட்டால் நாமே கேட்டுவிட வேண்டும்.

பிரிட்ஜையே கழற்ற வேண்டும், 12,000 ரூபாயும் போச்சு என்று நினைத்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தேவைப்படவில்லை. பிரிட்ஜின் மேலேயே, மெல்லுகிற பக்கத்தில், சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகவே நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து வேரை அடைத்துவிட்டார்கள். இரண்டு தடவை போனேன். ஓட்டையைப் பல் நிறச் சிமெண்டால் மூடிவிட்டார்கள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "கிரகப்பிரவேசம் பண்ணின வீட்டுல மறுபடியும் குழி தோண்டுறாங்க" என்று கேலி செய்தாரே தவிர, 4,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தவரும் என் வீட்டுக்காரர்தான். முதல் நாள் வேலை முடிந்த அன்றைக்கே ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. இப்படி இரவில் தெறித்த வலி, ஒரு நாள் டாக்டரைப் பார்க்காமலேயே சட்டென்று நின்றுவிட்டால், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே நரம்பு செத்துப்போய் இருக்கலாம். செத்த நரம்பு அழுகி, வேர் நுனியில் சீழ் சேரும். ஒரு மாதமோ ஒரு வருஷமோ கழித்து ஈறில் கொப்புளமாகவோ கன்னத்தில் வீக்கமாகவோ வெளியே வரும். வலி நின்றாலும் போய்க் காட்டிவிட வேண்டும்.

கிராம்பு அக்காவை மறந்துவிட்டேனே! கிராம்பில் இருக்கிற யூஜெனால் என்ற எண்ணெய்ச் சத்தைப் பல் டாக்டர்களே மருந்துச் சாந்தில் சேர்க்கிறார்கள், அது மரக்கடிக்கும் என்பது நிஜம்தான். ஆனால் பிரிட்ஜ் வைத்த பல் முழுக்க மூடியிருக்கிறது, எண்ணெய் உள்ளே எங்கே போகும்? ஈறில்தான் ஊறும். பஞ்சில் நனைத்துச் சுத்தக் கிராம்பு எண்ணெயை அழுத்தி வைத்துக்கொண்டால் ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரத்தில் அடக்கிக்கொள்வதும் அப்படித்தான், சதை புண்ணாகிப்போகும். மாத்திரை வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்யும். வலி மாத்திரையிலும் எல்லாம் எல்லோருக்கும் ஆகாது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. வீட்டில் மிச்சம் இருக்கிற ஆன்டிபயாடிக் இரண்டைப் போட்டுக்கொள்வதால் நரம்பு வலி நிற்காது. வீங்கின கன்னத்துக்குச் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

வீக்கம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கன்னமோ தாடைக்கு அடியோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாயைத் திறக்க முடியாமலோ எச்சில் விழுங்கக் கஷ்டமாகவோ இருந்தால், கிளினிக் திறக்கிற நேரம் பார்த்துக்கொண்டு இருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விடுங்கள். ராத்திரி என்றாலும் போக வேண்டியதுதான். அந்தச் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைக்கும். சமையல் யார் செய்வார்கள் என்று யோசிக்கிற நேரம் அது இல்லை.

குழந்தை உண்டாகியிருக்கிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிதானமாகச் செய்துகொள்ளக் கூடிய பல் வேலைக்கு நாலிலிருந்து ஆறு மாதம் வரை சௌகரியம், வலியும் சீழும் இருந்தால் எந்த மாதமானாலும் வைத்தியம் செய்துகொள்ளத்தான் வேண்டும். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஆற நாளாகும்.

இன்னொரு விஷயம், இது நம் பெண்களுக்கே உரியது. கவரிங் தோடு, கவரிங் செயின் போட்டால் அரித்துத் தடித்துப் புண்ணாகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அது பெரும்பாலும் நிக்கல் என்ற உலோகம் ஒத்துக்கொள்ளாததால் வருவது. மேலே பீங்கான் பூசி உள்ளே உலோகம் வைத்துச் செய்கிற பிரிட்ஜுகள் பலவற்றில் அந்த நிக்கல் உண்டு. கவரிங் ஆகாது என்பதை அளவெடுக்கிற அன்றைக்கே டாக்டரிடம் சொன்னால், நிக்கல் இல்லாத உலோகத்திலோ, உலோகமே இல்லாத சிர்கோனியாவிலோ செய்து தருவார்கள், விலை கூடும். ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள், மாதக்கணக்காக அந்த ஈறு ஓரம் மட்டும் சிவந்தே இருந்தால், இதையும் சொல்லிக் கேளுங்கள்.

வலியே இல்லாமல் வருகிற தொல்லை ஒன்று இருக்கிறது. என் மாமியாருக்கு வந்தது அது. பத்து வருஷத்துக்கு முன் அவர்களும் இதே மாதிரி மூன்று பல் பிரிட்ஜ் வைத்தார்கள். தாங்கு பல் இரண்டுக்கும் முன்பே நரம்பு எடுத்தாயிற்று. ஆறு வருஷம் ஒரு வலி இல்லை, கூச்சம் இல்லை. "என் பல்லு கல்லு மாதிரி" என்பார்கள். பிறகு வாயில் ஒரு கெட்ட வாடை, காலையில் எழுந்தால் உப்புக் கரிக்கிறது என்றார்கள். வயிற்றுக் கோளாறு என்று ஓமத் தண்ணீர் குடித்தார்கள். கடைசியில் ஒரு நாள் கரும்பு கடிக்கும்போது பிரிட்ஜ் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே இரண்டு தாங்கு பல்லும் கறுத்து, சொத்தையாகி, ஈறு மட்டத்துக்கு உளுத்துப்போயிருந்தன. ஒரு பக்கத்துச் சிமெண்டு எப்போதோ கரைந்துவிட்டிருக்கிறது. அந்த இடுக்கில் எச்சிலும் சாதமும் தினமும் போய்த் தங்கியிருக்கிறது. நரம்பு இல்லாத பல் சொத்தையானாலும் சொல்லாதே! ஒரு பல்லுக்காக வைத்த பிரிட்ஜில் மூன்று பல்லும் போயிற்று. இப்போது கழற்றி மாட்டுகிற செட்டுதான். முறுக்கு என்றால் பொடித்துக் கொடுக்கிறேன்.

அதனால், கெட்ட வாடை, உப்பு ருசி, கடித்தால் லேசாக மேலே கீழே ஆடுகிற உணர்ச்சி, விரலால் அழுத்தினால் ஓரத்தில் எச்சில் குமிழி வருவது, இதில் எது இருந்தாலும் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால், கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிக்கொடுக்க வழி இருக்கலாம். கழன்றே வந்துவிட்டால் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வளையல் ஒட்டுகிற பசையை வைத்து வீட்டிலேயே ஒட்டினவர்களும் இருக்கிறார்கள்! அது வாய்க்கு ஆகாது, தப்பாக உட்கார்ந்துவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மாமியாருக்கு யாரும் சொல்லாத ஒன்றை எனக்கு அந்த டாக்டர் கண்ணாடி முன்னால் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். நடுப்பல்லுக்கு வேர் இல்லையே, அது ஈறின் மேல் சும்மா தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. அதன் அடியில் பிரஷ் போகாது. மூன்று பல்லும் ஒட்டியிருப்பதால் மேலேயிருந்து நூலும் இறங்காது. பக்கவாட்டில்தான் நுழைக்க வேண்டும். அதற்கென்றே சூப்பர் ஃபிளாஸ் என்று ஒரு நூல் மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஒரு முனை விறைப்பாக ஊசி மாதிரி இருக்கும், நடுவில் பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று, மீதி சாதாரண நூல். விறைத்த முனையைக் கன்னப் பக்கத்திலிருந்து பிரிட்ஜுக்கு அடியில் விட்டு நாக்குப் பக்கம் இழுத்து, பஞ்சுப் பாகத்தை முன்னும் பின்னும் நாலு தடவை ஓட்ட வேண்டும். தாங்கு பல் இரண்டின் பக்கச் சுவரையும் அப்படியே துடைக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். முதல் நாலு நாள் கொஞ்சம் ரத்தம் கசிந்தால் பயப்படாதீர்கள், ஈறு கெட்டிப்பட்டதும் நின்றுவிடும். நிற்காவிட்டால் காட்டுங்கள். நூல் வராதவர்களுக்குப் பாட்டில் கழுவும் பிரஷை எலிக்குஞ்சு அளவுக்குச் செய்தாற்போல ஒரு சின்ன பிரஷ் கிடைக்கிறது, அதுவும் நல்லது. ராத்திரி படுக்கப் போகும்முன் ஒரு தடவை போதும். தாலியில் மாட்டியிருக்கிற ஊக்கு, ஹேர்பின், துடைப்பக் குச்சி மூன்றையும் தயவுசெய்து வாய்க்குள் விடாதீர்கள். ஈறைக் குத்திப் புண்ணாக்கி, அதைப் பிரிட்ஜ் வலி என்று சொல்லிக்கொண்டு போனவர்களை அந்தக் கிளினிக்கிலேயே பார்த்தேன்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் போதும், அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். பிறகு எல்லாம் சாப்பிடலாம். சீடை, கடலை உருண்டை, கொட்டைப்பாக்கு, கரும்பு ஆகியவற்றைப் பிரிட்ஜ் பக்கம் வைத்துக் கடித்தால் பீங்கான் தெறித்துவிடும். தெறித்த முனை நாக்கைக் கீறினால் அதையும் ராவி மழுங்கச் செய்வார்கள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இரவில் மாட்டிக்கொள்ள ஒரு மெல்லிய தட்டுச் செய்து வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டின இடத்தில் கேட்டால் சரியாகப் பதில் வரவில்லை, இன்னொரு தடவை காசு கட்டவும் வழியில்லை என்று எழுதியிருக்கிற சகோதரிக்கு: அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாமே. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953-லிருந்து இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980-ல் ஆரம்பித்த கல்லூரியும் இப்போது அரசுக் கல்லூரிதான். புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று திறந்திருக்கிறார்கள். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும், மாணவர்கள் பார்ப்பார்கள், பெரிய டாக்டர் வந்து மேற்பார்வை பார்ப்பார். நேரம் ஆகும், ஒரு நாள் போய்விடும், கட்டுச் சாதம் எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே, ரசீது, எந்த உலோகத்தில் செய்தது என்ற சீட்டு இருந்தால் அது, கூடவே உங்கள் காலண்டர் தாள்.

போன வாரம் ஆறாவது மாதப் பரிசோதனைக்குப் போய் வந்தேன். நூல் விடுவதை ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார் டாக்டர். பின்பக்கத்தில் ஒரு இடத்தை விட்டுவிடுகிறேனாம், நாக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்து இழுக்க வேண்டுமாம். அங்கே காத்திருந்தபோது ஏழு வயதுப் பையனை அழைத்து வந்திருந்த ஒரு அம்மா, "பால்பல்லுதானே டாக்டர், விழுந்து முளைக்காதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல். எந்தப் பால்பல்லும் விழாமலே முளைப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. நான் பறிகொடுத்ததும் அதே பல்தான். குழந்தைகளின் அந்தப் பல்லைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள், வீட்டில் ஆறேழு வயதுக் குழந்தை இருப்பவர்கள் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக் குழந்தையின் வாயைத் திறந்து பின்னால் பார்த்து வையுங்கள்.